உயிருள்ள சரக்கா, செத்த சரக்கா?

கழக்கூட்டம் சந்திப்பில் மெடிக்கல் ஷாப்புகளுக்குக் குறைவில்லை. 1990ல் டெக்னோபார்க் வந்தது முதல் ஊர் வளர்ந்தது. ஊருடன் கடைகளும் வளர்ந்தன. அக்கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் சமீப காலமாக ஒரு புதிய சொல் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'புரோபயாடிக்' என்பதே அது. முகத்துக்குப் பூசும் கிரீம், குளிக்கும் சோப்பு, விழுங்கும் மாத்திரை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள் என்று பல உருவங்களில் அது விற்கப்படுகிறது. நன்மை செய்யும் கிருமிகள் இதில் உள்ளன, இவை சருமத்தைக் காக்கும், பருவை நீக்கும், அரிப்பை அடக்கும் என்பது விளம்பரங்களின் சாரம்.

இதை வாங்குகிறவர்கள் பணக்காரர்கள் மட்டுமல்ல. கம்பெனிகளில் இரவு ஷிஃப்டு பார்க்கும் குமாஸ்தாக்களும், கட்டட வேலைக்குத் தென்காசியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் கொத்தனார்களும் சித்தாள்களும், ஹோட்டல்களில் நாள் முழுவதும் தண்ணீரில் கை நனைத்து வேலை செய்கிறவர்களும் வாங்குகிறார்கள். வியர்வையும் ஈரமும் சிமெண்டும் சோப்புத் தண்ணீரும் இவர்களுடைய தோலை விட்டுவைப்பதில்லை. டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போய்விடும். கடையில் ஒரு குழாய் கிரீம் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயற்கையே.

ஆனால் காசு கொடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. டப்பாவுக்குள் இருக்கும் கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா? தொழிற்சாலையில் அதை என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான லேபிள்களில் தெளிவான பதில் கிடையாது. சரக்கின் தன்மையையே நிர்ணயிக்கிற விஷயம் இதுதான்.

உறைமோர் கற்பிக்கும் பாடம்

இந்த விஞ்ஞானம் தமிழர்களுக்குப் புதியதல்ல. பால் காய்ச்சி, ஆறவைத்து, கைபொறுக்கும் சூட்டில் உறைமோர் விடுவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாது. காரணம், மோரில் உள்ள கிருமிகள் அந்தச் சூட்டில் மாண்டுபோகும். பார்வைக்கு மோர் அதேதான், அளவும் அதேதான், ஆனால் வேலை நடக்காது. சரக்கை எப்படிக் கையாண்டோம் என்பதைப் பொறுத்தே பலன் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டியதில்லை.

தயிர்க் கிருமியின் பெருமையை உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகோஃப். 1908ல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரிய நாட்டுக் குடியானவர்களின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் உண்ணும் புளித்த பால் காரணமாக இருக்கலாம் என்று அவர் கருதினார். அதே தயிர்க் கிருமி இனத்தைத்தான் 2012ல் ஹைதராபாத்தில் உயிரினப் பன்மய மாநாடு நடந்த சமயத்தில் இந்தியாவின் தேசிய நுண்ணுயிராக மத்திய அரசு அறிவித்தது. தேசியப் பறவை மயில் என்பது குழந்தைக்கும் தெரியும். தேசியக் கிருமி ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

'புரோபயாடிக்' என்ற சொல்லுக்கு உலக உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் கூட்டிய நிபுணர் குழு 2001ல் இலக்கணம் வகுத்தது. உயிருள்ள நுண்ணுயிர், போதிய அளவில், உடலுக்கு நன்மை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். இதில் முதல் சொல் 'உயிருள்ள' என்பது கவனிக்கத்தக்கது. செத்த கிருமிகளையோ அவற்றின் துண்டுகளையோ கொண்டு செய்யப்பட்டு, நன்மை தருவதாக நிரூபிக்கப்பட்ட சரக்குக்கு 2021ல் சர்வதேச விஞ்ஞானிகள் சங்கம் ஒன்று 'போஸ்ட்பயாடிக்' என்று தனிப் பெயர் கொடுத்தது. இரண்டும் வேறு வேறு என்பதை விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கடை அலமாரி மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தொழிற்சாலையில் நடப்பது என்ன?

கிருமியைப் பெரிய தொட்டிகளில் வளர்க்கிறார்கள். எந்த ஆகாரத்தில் வளர்த்தார்கள், வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் அறுவடை செய்தார்கள் என்பதே முதல் வித்தியாசம். வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் இளம் கிருமியைவிட, வளர்ச்சி நின்று அடங்கிய கிருமி பொதுவாகக் கஷ்டங்களைத் தாங்கும். பிறகு யந்திரத்தில் வேகமாகச் சுழற்றிக் கிருமியை வடித்தெடுக்கிறார்கள். சில கிருமிகளின் மேல் மயிர் போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. உடலில் ஒட்டிக்கொள்ள உதவுவது அவைதான். முரட்டுத்தனமாகச் சுழற்றினால் அந்த இழைகள் அறுந்துபோகும். கிருமி உயிரோடு இருக்கும். ஆனால் பிடிமானம் போய்விடும்.

அடுத்தது உலர்த்துவது. இதற்கு இரண்டு முக்கியமான வழிகள் உள்ளன. ஒன்று, உறையவைத்து, காற்றில்லாத வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேரே ஆவியாக்கி உலர்த்துவது. இதற்குச் செலவு அதிகம். ஆனால் பிழைக்கும் கிருமிகள் அதிகம். உறையும்போது உண்டாகும் பனி ஊசிகள் கிருமியின் தோலைக் கிழிக்காமலிருக்கப் பால் தூள், சர்க்கரை வகைகள் முதலியவற்றைக் கலக்கிறார்கள். மற்றொன்று, பால் பவுடர் செய்வது போல, சூடான காற்றில் தெளித்து உலர்த்துவது. செலவு குறைவு. உள்ளே போகும் காற்றின் உஷ்ணம் 150 டிகிரிக்கு மேலும் இருக்கும். ஈரம் ஆவியாகும்போது கிருமி ஓரளவு குளிர்ச்சி பெற்றாலும் ஏராளமானவை மடிகின்றன. தயிர்க் கிருமி இனங்களில் பெரும்பாலானவை 60, 65 டிகிரிச் சூட்டிலேயே சில நிமிடங்களில் செத்துவிடும் என்பதை நினைவில் வைத்தால் இதன் கடுமை விளங்கும்.

இந்தச் சூட்டையும் தாங்கும் ஓர் இனம் இருக்கிறது. பேசில்லஸ் கோயாகுலன்ஸ் போன்றவை, கஷ்ட காலத்தில் விதைநெல் போல ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். மருந்துக்கடை மாத்திரைப் பட்டைகளில் 'லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜென்ஸ்' என்று பழைய பெயரில் அச்சாகி வந்தது இதுதான். உண்மையில் அது லாக்டோபேசில்லஸ் இனமே அல்ல. சூடு தாங்கும் என்பதால் அது உற்பத்தியாளருக்கு வசதி. ஆனால் ஓர் இனம் தருகிற பலனை வேறோர் இனம் தரும் என்று சொல்ல முடியாது. பொன்னி விதைத்தால் பொன்னிதான் விளையும்.

உலர்த்தியதோடு ஆபத்து தீர்வதில்லை. சூடு, ஈரம், காற்று ஆகிய மூன்றும் உலர்ந்த கிருமிக்கு எதிரிகள். தொழிற்சாலையில் எண்ணிய எண்ணிக்கை வேறு. லாரியில் ஏறி, கிடங்கில் கிடந்து, கடைக்கு வந்து, ஆறு மாதம் கழித்து வாங்குகிறவர் கையில் இருக்கும் எண்ணிக்கை வேறு. '25 டிகிரிக்குக் கீழே வைக்கவும்' என்று அச்சிட்டுவிட்டால் கம்பெனியின் கடமை முடிந்துவிடுகிறது. ஏப்ரல் மாதம் கழக்கூட்டத்தில் ஏர்கண்டிஷன் இல்லாத எந்தக் கடையில் பகல் உஷ்ணம் 25 டிகிரிக்குக் கீழே இருக்கும்? தகரக் கூரைக்குக் கீழே பத்துப் பேர் தங்கியிருக்கும் அறையில் எங்கே இருக்கும்?

கிரீமுக்குள் உயிர் இருக்க முடியுமா?

பூசும் கிரீமின் கதை இதைவிட விசித்திரமானது. தண்ணீரும் எண்ணெயும் கலந்த கிரீமில் கெட்ட கிருமியும் பூஞ்சையும் வளராமலிருக்கக் கெடாமல் காக்கும் ரசாயனம் சேர்ப்பது வழக்கம். அந்த ரசாயனத்துக்கு நல்லது கெட்டது என்ற பேதம் தெரியாது. எல்லாக் கிருமியையும் கொல்லும். மேலும், அழகு சாதனங்களுக்கான சர்வதேசத் தர விதி, சாதாரண கிரீமில் ஒரு கிராமுக்கு ஆயிரத்துக்கு மேல் உயிருள்ள கிருமி இருக்கக்கூடாது என்கிறது. குழந்தைகளுக்கும் கண்ணோரத்துக்கும் ஆனவற்றில் நூறுதான் உச்சவரம்பு. சாப்பிடும் சரக்குக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016ம் ஆண்டு விதிகள் என்ன சொல்கின்றன? ஒரு நாளைய அளவில் பொதுவாகக் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள கிருமிகள் இருக்க வேண்டும் என்கின்றன.

ஒரு பக்கம் பத்துக் கோடிக்குக் குறையக்கூடாது. இன்னொரு பக்கம் ஆயிரத்துக்கு மேல் கூடாது. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு உண்மை தானே புலப்படும். அலமாரியில் சாதாரண உஷ்ணத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் 'புரோபயாடிக் கிரீம்' பெரும்பாலும் உயிருள்ள கிருமியைக் கொண்டதாக இருக்க முடியாது. உடைத்து நொறுக்கிய கிருமியின் சாறோ, கிருமி வளர்ந்த தண்ணீரை வடிகட்டியதோதான் அதில் இருக்கும்.

செத்தது என்பதால் பயனற்றது என்று தள்ளிவிடவும் கூடாது. வைட்ரியோசில்லா என்ற கிருமியின் நொறுக்கிய சாற்றை ஐந்து சதவிகிதம் கலந்த கிரீமைக் கரப்பான் நோய் உள்ள 75 பேரிடம் 30 நாட்கள் சோதித்த ஆய்வு 2008ல் வெளியாயிற்று. வெறும் கிரீம் பூசியவர்களைவிட இவர்களுக்கு அரிப்பும் நோயும் குறைந்ததாக அதில் கண்டார்கள். ஆக, செத்த சரக்கும் சில சமயம் வேலை செய்யும். ஆனால் அது அந்தக் குறிப்பிட்ட கிருமி, அந்தக் குறிப்பிட்ட பக்குவம், அந்தக் குறிப்பிட்ட அளவு. அதைக் காட்டி வேறு கிருமியின் கிரீமை விற்பது, ஒருவருடைய சர்டிபிகேட்டைக் காட்டி இன்னொருவர் வேலைக்குச் சேர்வதற்குச் சமம்.

பின்லாந்து தரும் எச்சரிக்கை

பக்குவம் மாறினால் பலன் மாறும் என்பதற்கு நேரடிச் சான்று பின்லாந்து நாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவில் கோர்பாக், கோல்டின் என்ற இரு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்ததும், அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்தைக் கொண்டதுமான ஜி.ஜி. ரகக் கிருமியை பின்லாந்து டாக்டர்கள் குழந்தைகளின் கரப்பான் நோய்க்குச் சோதித்தார்கள். ஒவ்வாமைப் பரம்பரை உள்ள குடும்பங்களில், பிரசவத்துக்கு முன்பும் பின்பும் இதைக் கொடுத்து, 132 குழந்தைகளை இரண்டு வயது வரை கவனித்தார்கள். கொடுக்காத பிரிவில் 46 சதவிகிதக் குழந்தைகளுக்கும், கொடுத்த பிரிவில் 23 சதவிகிதக் குழந்தைகளுக்கும் கரப்பான் கண்டது. 2001ல் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு 2003ல் அதே நாட்டிலிருந்து இன்னோர் ஆய்வு வெளிவந்தது. கரப்பான் உள்ள சிசுக்களில் ஒரு பிரிவுக்கு உயிருள்ள ஜி.ஜி. கிருமியையும், ஒரு பிரிவுக்கு அதே கிருமியைச் சூட்டில் கொன்றும், ஒரு பிரிவுக்கு எதுவுமில்லாமலும் ஆகாரம் கொடுத்தார்கள். சூட்டில் கொன்றதைச் சாப்பிட்ட சிசுக்களில் சிலருக்கு வயிற்றுப்போக்கு முதலிய தொல்லைகள் கண்டன. 35 சிசுக்களோடு சோதனைக்கு ஆள் சேர்ப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. நோய் தணிந்ததும் உயிருள்ளதைப் பெற்ற பிரிவில்தான் கூடுதலாகத் தென்பட்டது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் ஒரே கிருமி, ஒரே பெயர், பக்குவம் மட்டும் வேறு. விளைவும் வேறு என்பது இதில் தெரிகிறது. 2011ல் வெளியான மற்றோர் ஆய்வில், வெவ்வேறு சரக்குகளிலிருந்து ஜி.ஜி. கிருமியைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, ஒட்டிக்கொள்ளும் சக்தியிலும் கெட்ட கிருமியைத் தடுக்கும் சக்தியிலும் அவை ஒன்றுபோல இல்லை என்று கண்டார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. அதே ஜி.ஜி. கிருமியைக் கொண்டு ஜெர்மனியில் நடந்து 2008ல் வெளியான ஆய்வில் பின்லாந்தில் கண்ட பலன் காணப்படவில்லை. அமெரிக்காவில் ஆரோக்கியமானவர்களின் தோலிலிருந்து எடுத்த கிருமியை உயிரோடு சர்க்கரைக் கரைசலில் கலந்து கரப்பானுள்ளவர்கள் மேல் தெளித்த சோதனை 2018ல் நல்ல நம்பிக்கை அளித்தது. ஒரு கம்பெனி அதை மேலும் பலரிடம் சோதித்தபோது, 2021ல் வெறும் கரைசலைவிட மேலாகத் தேறவில்லை. கரப்பான் சிகிச்சைக்குக் கிருமி கொடுத்த 39 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு 2018ல் சொன்ன முடிவு, நோயாளி உணரும் தொல்லையில் பெரிய வித்தியாசம் இருக்காது என்பதே. நிபுணர்களே இப்படித் தயங்கும் இடத்தில், விளம்பரம் மட்டும் தயக்கமின்றிப் பேசுகிறது.

நஷ்டம் யாருக்கு?

'பிடித்தால் வாங்கட்டும், பிடிக்காவிட்டால் விடட்டும், இதில் என்ன கெடுதி?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கெடுதி காசோடு முடிவதில்லை. கொத்தனாரின் கையில் வெடிப்பும் அரிப்பும் வருவதற்குச் சிமெண்டிலுள்ள குரோமிய உப்பு காரணமாக இருக்கலாம். அதற்குத் தேவை கையுறை, வேலை முடிந்ததும் கை கழுவ நல்ல தண்ணீர், டாக்டர் தரும் மருந்து. தொடையிடுக்கில் வட்டமாகப் படரும் படர்தாமரை பூஞ்சையால் வருவது. அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். இவற்றுக்கு நல்ல கிருமி கிரீம் பூசி இரண்டு மாதம் கடத்தினால் நோய் முற்றும். அறையில் உடன் தங்கியிருப்பவர்களுக்கும் படர்தாமரை பரவும். புண்ணான தோலில் உயிருள்ள கிருமியை டாக்டர் சொல்லாமல் பூசுவதும் விவேகமல்ல. ஏற்கெனவே ஸ்டீராய்டு கிரீம்களால் எத்தனையோ பேர் முகம் கெட்டுப்போன பிறகுதான், 2018ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கத் தடை போட்டது. ஒரு தவறிலிருந்து பாடம் கற்பதற்குள் அடுத்ததற்கு இடம் கொடுக்க வேண்டுமா?

கடுமையான விதி வந்தால் சிறு உற்பத்தியாளர்கள் நசிந்துவிடுவார்கள் என்ற வாதமும் உண்டு. லேபிளில் உண்மையை அச்சிட எவ்வளவு மை செலவாகும்? உண்மையான சரக்கைக் கஷ்டப்பட்டுக் குளிர்ச்சியில் காத்து விற்கும் நேர்மையான சிறு உற்பத்தியாளர்தான் இன்றைய குழப்பத்தில் நஷ்டப்படுகிறார். செத்த சரக்கு அவருடைய சரக்கின் பெயரிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, சாப்பிடும் சரக்குகளில் கிருமியின் முழுப் பெயரையும் ரகத்தையும், தயாரித்த நாளில் அல்ல, காலாவதியாகும் நாள் வரை இருக்கும் எண்ணிக்கையையும் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும். இரண்டாவதாக, பூசும் சரக்குகளில் கிருமி உயிருள்ளதா, கொல்லப்பட்டதா, வெறும் சாறா என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். உயிரில்லாததற்குப் 'புரோபயாடிக்' என்ற பெயர் கூடாது. மூன்றாவதாக, உணவுப் பொருள் லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது இன்றைய விதி. திருவனந்தபுரம் ஜில்லாவில் விற்கும் சரக்கின் முக்கிய விவரமாவது மலையாளத்திலும் தமிழிலும் இருந்தால்தான் வாங்குகிறவருக்குப் பயன்.

நான்காவதாக, கடைகளிலிருந்து மாதிரி எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்குத் திருவனந்தபுரத்தில் வசதி இல்லாமலில்லை. அரசு உணவுப் பரிசோதனைக் கூடம் இங்கே இருக்கிறது. பாப்பனங்கோட்டில் தேசிய ஆய்வு நிலையம் இருக்கிறது. நுண்ணுயிர்த் தொகுதி ஆராய்ச்சிக்கென்றே கேரள அரசு ஏற்படுத்திய சிறப்பு மையம் கழக்கூட்டத்திலேயே இருக்கிறது. உலகத் தரத்தில் ஆராய்ச்சி நடக்கும் ஊரில், ஒரு ரயில்வே கேட் தூரத்திலுள்ள கடைச் சரக்கைச் சோதிக்க ஆளில்லை என்றால் அது பொருந்துமா?

சட்டம் வரும் வரை வாங்குகிறவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ரகத்தின் பெயரும் எண்ணிக்கையும் இல்லாத டப்பாவை வாங்க வேண்டாம். குளிரில் வைக்கச் சொல்லும் சரக்கு வெயில் படும் அலமாரியில் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். தூளைச் சூடான டீயிலோ பாலிலோ கலக்கக் கூடாது. கலந்தால் கொதிக்கும் பாலில் ஊற்றிய உறையின் கதிதான். பொட்டலத்தைப் பிரித்தால் ஒரே தடவையில் சாப்பிட்டுவிட வேண்டும். பில் வாங்கி வைத்துக்கொண்டால், ஏமாற்றப்பட்டவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இரண்டு வாரத்தில் குறையாத அரிப்புக்கும் படைக்கும் கிரீம் தேடி அலையாமல், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போவதே மலிவு. அரை நாள் கூலி போனாலும் இரண்டு மாதக் கிரீம் செலவு மிச்சம்.

உயிருள்ளது என்று சொல்லி விற்கிறவர் உயிருள்ளதைத்தான் கொடுக்க வேண்டும். செத்ததில் பலன் உண்டென்றால் செத்தது என்று சொல்லியே விற்கட்டும், நிரூபித்துவிட்டு விற்கட்டும். வெயிலில் நின்று சம்பாதித்த காசுக்கு இந்த நியாயமாவது கிடைக்க வேண்டாமா? உணவுப் பாதுகாப்பு, மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாக்களின் அதிகாரிகள் கவனிப்பார்களா?